சும்மா வீசிட்டுப் போற கைக்கு ஒரு வேலை: நடைக்குழுவும் ஊர் வேலையும் சேர்ந்தால்?

சூலூர்_நடையன் | திங்கள், காலை 7:40

வணக்கங்க. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர்க் குளத்துக் கரையில் காலை 5:30க்கு நடக்கிற குழு ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தபோது 22 பேர். சர்க்கரை வந்தவர்கள் பாதி, வந்துவிடுமோ என்று பயந்தவர்கள் பாதி. மழைக்காலத்தில் 15 ஆனது, மார்கழிக் குளிரில் 9 ஆனது, போன சித்திரையில் எண்ணிப் பார்த்தால் 6 பேர்தான். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் 22 பேரும் தினமும் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தோம்.

வைகாசியில் ஒரு நாள் நாலு பேர் நடந்து வந்துகொண்டிருந்தோம். குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு ஆத்தா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எண்பதை நெருங்கியவர், தனியாக இருக்கிறார். முந்தின நாள் சிலிண்டர் போட வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "ஏஞ் சாமி, நாலு ஆம்பளைங்க சும்மா கையை வீசிட்டுத்தான போறீங்க, இதைக் கொஞ்சம் உள்ள வெச்சுட்டுப் போங்க" என்றார். முழுச் சிலிண்டர் என்றால் எப்படியும் 30 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கி வைத்து, ரெகுலேட்டரும் மாட்டிக் கொடுத்தோம். காப்பி குடிக்காமல் விடவில்லை. அடுத்த வாரம் அதே வழியில் போனபோது எங்களாகவே நின்று "ஏதாவது வேணுமா ஆத்தா" என்று கேட்டோம். பரண் மேலிருந்து ஒரு அண்டாவை இறக்கச் சொன்னார். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவரும் கேட்டார்.

இப்போது புதன்கிழமைதோறும் மூன்று கிலோமீட்டர் நடந்து போகிறோம், இரண்டு வீட்டில் இருபது இருபத்தைந்து நிமிடம் வேலை, திரும்ப நடை. தண்ணீர்த் தொட்டி கழுவுவது, பல்பு மாற்றுவது, ரேஷன் அரிசி வாங்கி வந்து வைப்பது, இந்த மாதிரிதான். புதன்கிழமை வருகிறவர்கள் 17 பேர். மற்ற நாட்களிலும் 10 பேருக்குக் குறைவதில்லை. எனக்குப் புரிந்தது இதுதான்: குளத்தைச் சுற்றி வரும்போது நான் வராவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறையப் போவதில்லை. ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்தால் போர்வையை விலக்கிவிட்டு எழத்தான் வேண்டியிருக்கிறது.

எல்லாமே நன்றாக நடந்துவிடவில்லை. பங்குனியில் ஆர்வத்தில் கரையோரம் 60 மரக்கன்று நட்டோம், எல்லோரும் கன்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். ஆனி பிறக்கும்போது 4 உயிரோடு இருந்தது. அந்தப் பக்கம் நடக்கும்போது இன்னும் மனசு உறுத்துகிறது.

அதனால்தான் கேட்கிறேன். வேறு ஊர்களில் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? எந்த வேலையை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? உடம்புக்கும் பலன் இருக்க வேண்டும், ஊருக்கும் உண்மையில் உதவியாக இருக்க வேண்டும்.

லண்டன்ல_பொள்ளாச்சி | திங்கள், மதியம் 1:15

அண்ணா, படித்தவுடன் சிலிர்த்துவிட்டது. நீங்கள் தற்செயலாகச் செய்தது இங்கே 2009ல் இருந்து ஒரு அமைப்பாகவே நடக்கிறது. குட்ஜிம் என்று பெயர். ஐவோ கார்ம்லி என்பவர் கிழக்கு லண்டனில் ஆரம்பித்தார். ஜிம்மில் இயந்திரத்தின் மேல் ஓடி வீணாகிற சக்தியை ஊருக்குப் பயன்படுத்த முடியாதா என்பதுதான் அவருடைய கேள்வி. தனியாக இருந்த ஒரு பெரியவருக்கு ஓடிப்போய்ச் செய்தித்தாள் கொடுப்பதில் இருந்துதான் அது வளர்ந்தது.

மூன்று வகை வேலை. ஒன்று, வாரம் ஒரு மாலை எல்லோரும் கூட்டமாக ஓடிப்போய், ஒரு சமூகத் தோட்டத்திலோ உணவு வங்கியிலோ முக்கால் மணி நேரம் வேலை செய்துவிட்டு ஓடித் திரும்புவது. நான் போனதில் பாதி நாள் தழைக்கூளம் அள்ளியதுதான். இரண்டாவது, ஒருவராலேயே செய்ய முடியாத சின்ன வேலைக்கு இரண்டு மூன்று பேர் போவது. கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்குவது மாதிரி. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. தனியாக இருக்கும் ஒரு பெரியவரை ஒரே ஆள் வாராவாரம் ஓடிப்போய்ப் பார்ப்பது. அந்தப் பெரியவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோச்', பயிற்சியாளர். அவர் காத்திருப்பதால்தானே இவர் ஓடுகிறார், ஆக ஓட வைப்பவர் அவர்தான். உதவி வாங்குபவர் என்ற தாழ்ச்சி அங்கே வருவதில்லை. உங்கள் திண்ணை ஆத்தாவைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்று மட்டும் அங்கிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர் வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரின் பின்னணியையும் முறையாகச் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். நம் ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள்தான் என்று விட்டுவிடக்கூடாது.

கோபி_மண்வெட்டி | திங்கள், இரவு 9:05

நான் விவசாயி. கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை. குடிமராமத்து என்று நம்மிடம் இருந்ததே இதுதான். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய நாட்களில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரணும். வர முடியாதவர் ஆளை அனுப்பணும், இல்லையென்றால் ஒரு தொகை கட்டணும். கொடிவேரியில் பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் எங்கள் அப்புச்சி காலத்துக் கதை கேட்டால் கிளை வாய்க்கால் வெட்டுகிற நாள் திருவிழா மாதிரி இருக்கும் என்பார்கள். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, சேவை என்றும் சொல்லவில்லை. அவரவர் வயலுக்குத் தண்ணீர் வரணும், அவ்வளவுதான். 2017 வாக்கில் அரசே அந்தப் பெயரில் திட்டம் கொண்டுவந்தது. பெயர் பழையது என்றாலும் அது நிதி ஒதுக்கிச் செய்த வேலை, வீட்டுக்கு ஒரு ஆள் வருகிற பழைய வழக்கம் வேறு.

இப்போது முக்கியமான விஷயம். ஓடை வாய்க்கால் தூர் எடுக்கிற வேலையை நூறு நாள் வேலைக்காரர்கள் நம்பி இருக்கிறார்கள். நீங்கள் 20 பேர் ஞாயிற்றுக்கிழமை ஆர்வமாக வந்து அந்த வேலையைச் செய்து முடித்தால் ஒரு அம்மாவுக்கு இரண்டு நாள் கூலி போச்சு. கூலி கிடைக்கிற வேலையை இலவசமாகச் செய்வது எனக்குச் சேவையாகத் தெரியவில்லை.

மரக்கன்று விஷயம். பங்குனியில் நட்டால் எப்படிங்க பிழைக்கும்? நம் பக்கத்துக்கு முக்கியமான மழையே ஐப்பசி கார்த்திகையில்தான். ஆடி கடந்து குழியெடுத்து, ஆவணி புரட்டாசியில் நட்டு, அடுத்த கோடை இரண்டும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் நடுங்கள். திருப்பூரில் 2015ல் இருந்து வனத்துக்குள் திருப்பூர் என்று நடத்துகிறார்களே, அவர்கள் வேலியும் தண்ணீரும் இருக்கிற நிலமாகப் பார்த்து நடுகிறார்கள். அதனால்தான் அது காடாக நிற்கிறது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் பனங்கொட்டை போடுங்கள். ஆவணி புரட்டாசியில் விழுகிற பழத்தைப் பொறுக்கி, கரையில் பத்தடிக்கு ஒன்று, ஒரு அடி ஆழத்தில் கடப்பாரையால் குழி போட்டுப் புதைத்துவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும். நூறு குழி போட்டுப் பாருங்கள், தோள்பட்டைக்கு வேறு பயிற்சியே வேண்டாம்.

சூலூர்_நடையன் | திங்கள், இரவு 9:50

கோபி அண்ணா, கூலி விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். இனி எந்த வேலையை எடுத்தாலும் "இதற்குக் கூலி வாங்குகிற ஆள் இருக்கிறாரா" என்று முதலில் கேட்டுவிடுகிறோம். சிலிண்டர் நகர்த்தவும் பரணிலிருந்து அண்டா இறக்கவும் யாரும் கூலிக்கு வர மாட்டார்கள், அந்தத் தைரியத்தில் புதன்கிழமை தொடரும். பனங்கொட்டைக்கு ஆவணியில் உங்களைக் கூப்பிடுவேன், குழி எப்படிப் போடணும் என்று காட்டிக்கொடுக்க வரணும்.

பிசியோ_ஈரோடு | செவ்வாய், காலை 6:20

பதினான்கு வருடமாக முதுகுவலியோடும் முட்டிவலியோடும் வருகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சில விஷயங்கள்.

வயதுவந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுக் கொடுக்கிற பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு. நம் ஊர் நடைக்குழுக்கள் முதல் பாதியைச் செய்துவிடுகின்றன, இரண்டாம் பாதியைத் தொடுவதே இல்லை. தூக்குவது, தள்ளுவது, குனிந்து நிமிர்வது எல்லாம் அந்தப் புதன்கிழமை வேலையில் வந்துவிடுகிறது. மண் வெட்டுவது வேகநடையைவிடக் கொஞ்சம் அதிக உழைப்பு. ஆகவே இதை அரைகுறைப் பயிற்சி என்று நினைக்க வேண்டாம். 65 தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் வேண்டும், விழாமல் நிற்கப் பழகுகிற சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும், அங்கேதான் அடிபடுகிறது. சட்டியில் மண்ணை அள்ளிக் கைமாற்றி விடுவோமே, அதில் இடுப்பை மட்டும் திருப்பித் திருப்பிக் கொடுக்கக்கூடாது, காலையும் சேர்த்துத் திருப்பணும். இருநூறு சட்டி கைமாற்றிய மறுநாள் எழுந்திருக்க முடியாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. சிலிண்டரை ஒருவர் தூக்கவே கூடாது. இரண்டு பேர், முட்டியை மடக்கி, உடம்போடு ஒட்டி. வேலைக்கு முன்னால் 15 நிமிடமாவது நடந்து உடம்பு சூடாகியிருக்கட்டும், உங்கள் மூன்று கிலோமீட்டர் அதற்குப் போதும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கடப்பாரை பிடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண் இருட்டுகிறது என்றால் உடனே உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். குழுவில் ஒருவர் பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். அவர்கள் வெறுங்காலோடு குளத்தில் இறங்கவே கூடாது, காலில் முள் குத்தினதுகூடத் தெரியாமல் புண்ணாகி வந்த காலை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் அழுத்தம் என்றால் வேலை அப்படியே நிற்கட்டும், நேராக ஆஸ்பத்திரி.

பல்லடம்_தறி | செவ்வாய், இரவு 11:30

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது ஆபீஸ் உத்தியோகக்காரர்களுக்கான பேச்சு என்று எனக்குப் படுகிறது. நான் தறி ஓட்டுகிறேன். 12 மணி நேர ஷிப்ட். எட்டுத் தறிக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்கணும், நூல் அறுந்தால் குனியணும். ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்குப் போகிற வழியில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்ப்பேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் உடம்புக்கு இன்னும் நடை வேண்டாம், முதுகை நிமிர்த்தி அரை மணி நேரம் படுக்கணும்.

"ஊருக்கு உதவி செய்ய வாருங்கள்" என்று கூப்பிடும்போது எங்களை மாதிரி ஆட்களை உதவி செய்கிறவர்கள் பட்டியலிலும் பார்ப்பதில்லை, உதவி தேவைப்படுகிறவர்கள் பட்டியலிலும் பார்ப்பதில்லை. தறிக்கூடத்தில் ஐம்பது வயதுக்குள் காது மந்தமாகிப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

பிசியோ_ஈரோடு | புதன், காலை 6:05

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. உடல் உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. ஒரே அசைவைப் பன்னிரண்டு மணி நேரம் செய்கிற உடம்புக்கு எதிர்ப்பக்க அசைவுதான் மருந்து. குனிந்தே இருந்ததைப் பின்னால் வளைப்பது, முன்னால் சுருங்கிய தோளை விரிப்பது, கெண்டைக்காலை நீட்டி இழுப்பது. பத்து நிமிடம் போதும். தரையில் துண்டு விரிக்க இடம் இருந்தால் போதும்.

ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு உங்கள் தறிக்கூடத்துக்கு நான் வருகிறேன். சனிக்கிழமை பல்லடம் பக்கம் வரும் வேலை இருக்கிறது. ஓனரிடம் கேட்டுச் சொல்லுங்கள். காதுக்குப் பஞ்சு வைத்தால் போதாது, நுரை அடைப்பான் வைக்கணும், அதையும் கொண்டுவருகிறேன்.

அவிநாசி_கும்மி | புதன், மதியம் 3:20

இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒரு பெண்கூட இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலை 5:30க்கு எங்களால் எப்படி வர முடியும்? அடுப்பு, பிள்ளைகள் டிபன் பாக்ஸ், பனியன் கம்பெனி வண்டி 8 மணிக்கு வாசலில் நிற்கும். பெண்கள் வருவதில்லை என்று சொல்லாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்.

எங்கள் ஊரில் இரண்டு வருடமாக வள்ளி கும்மி பழகுகிறோம். இரவு 7:30 முதல் 9 வரை, கோயில் மைதானத்தில். பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து அறுபது வயது வரைக்கும் 40 பேருக்கு மேல். முருகன் வள்ளி கதை முழுக்கப் பாட்டாக வரும், ஆசிரியர் பாட நாங்கள் வட்டத்தில் அடி வைத்துக் கைகொட்டி ஆடணும். ஒரு பாட்டு முடியும்போது சேலை முதுகில் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து யாரும் எங்களிடம் "உடற்பயிற்சிக்கு வாருங்கள்" என்று சொல்லவில்லை. ஆனால் முட்டி வலிக்கு மாத்திரை நிறுத்தியவர்கள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள், டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினார்கள்.

போன அரங்கேற்றத்தில் வந்த பணத்தில் சேலைக்குப் போக மீதி இருந்தது. அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு போட்டோம். எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளி, அந்தக் கதவு இல்லாத கஷ்டத்தை அவர்கள்தான் வீட்டில் வந்து சொன்னார்கள். மாதம் ஒரு நாள் பழகுகிற இடத்தை மாற்றிப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்து முற்றத்தில் ஆடுகிறோம். முதல் நாள் வேடிக்கை பார்த்த பாட்டிகள் இரண்டாவது தடவை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகொட்ட ஆரம்பித்தார்கள். ஒரு அப்பத்தா எங்கள் ஆசிரியருக்கே தெரியாத பழைய கும்மிப் பாட்டு ஒன்றைப் பாடினார். எழுதி வைத்துக்கொண்டோம்.

அதனால் என் கருத்து, புதிதாகக் குழு ஆரம்பித்து எங்களைக் கூப்பிடுவதைவிட, ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு வேலையைக் கொண்டுவாருங்கள். இன்னொன்று, தனியாக இருக்கிற வயதான அம்மாக்கள் வீட்டுக்கு ஆண்கள் மட்டும் போகாதீர்கள். கூட ஒரு பெண் வந்தால்தான் அவர்கள் மனசு விட்டுச் சொல்வார்கள். நைட்டி துவைத்துப் போட முடியவில்லை என்று உங்களிடம் எப்படிச் சொல்வார்கள்?

இல்லத்துப்_பணியாள் | புதன், இரவு 8:45

நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன், எது என்று சொல்ல விரும்பவில்லை. அவிநாசி அக்கா எழுதியதைப் பார்த்துத்தான் எழுதத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு மூன்று வேனில் சாப்பாடு வரும். யாரையும் மறுக்க முடியாது, எல்லோரும் ஆசையாகக் கொண்டுவருகிறார்கள். பிறந்தநாள் என்று கேக் வெட்டுவார்கள், சர்க்கரை இருக்கிற தாத்தாவுக்கும் ஊட்டிவிட்டுப் படம் எடுப்பார்கள். நாலு மணிக்கு இடம் காலியாகிவிடும். செவ்வாய்க்கிழமை யாரும் வர மாட்டார்கள், புதன் வியாழனும் அப்படித்தான். ஒரு குழு ஆறு வாரம் வருகிறோம் என்று சொல்லி இரண்டு வாரம் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு பாட்டி காலையிலேயே தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வரைக்கும் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். வர முடிகிற நாளை மட்டும் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை என்றால் ஒரு முறை, அது தவறக்கூடாது. சாப்பாடு வேண்டாம். கூட நடக்க ஆள் வேண்டும். எங்களிடம் நடக்க முடிகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் கட்டிலிலேயே இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் வராண்டாவில் இருபது நிமிடம் நடந்தால் போதும், இரண்டு பேருக்குமே நடைதான். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை கூடவே செய்யுங்கள். நகம் வெட்டிவிடுங்கள். அரிசி மூட்டையை ஸ்டோர் ரூமுக்கு ஏற்றிக் கொடுத்தால் எங்கள் சமையல்காரம்மாவுக்குப் பெரிய உதவி, அவருக்கே 58 வயது. படம் எடுக்கணும் என்றால் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேரூர்_வண்டல் | வியாழன், காலை 5:10

குளத்து வேலை பற்றி யாரும் எழுதவில்லையே. கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017ல் பேரூர்ப் பெரிய குளத்தில் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமைதோறும் களப்பணி செய்கிறார்கள். நானும் போயிருக்கிறேன். ஐடி கம்பெனிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் ஒரே வரிசையில் நின்று சட்டி மாற்றுவோம். வெள்ளலூர்க் குளத்துக்கு நொய்யல் தண்ணீர் வந்த வருடம் கரையில் நின்று பார்த்தவர்களில் அழாதவர் குறைவு. ஓட்டப் பந்தயத்துக்கும் எனக்கு மறுப்பில்லை. 2013ல் இருந்து கோவை மாரத்தான் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது, நல்ல காரியம். ஆனால் அது வருடத்தில் ஒரு நாள். மீதி ஞாயிறுகளுக்குக் குளம் இருக்கிறது.

குளத்தில் இறங்குகிறவர்களுக்குச் சிலது. முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள், நீர்வளத் துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா என்று தெரிந்து அனுமதி எழுத்தில் வாங்குங்கள். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையிலேயே போட்டால் அடுத்த மழை மறுபடியும் உள்ளே தள்ளிவிடும், எடுத்துப் போக வண்டி ஏற்பாடு இருந்தால் மட்டும் இறங்குங்கள். சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் இரண்டே மாதத்தில் நாலு கிளையாக வரும், வேரோடு எடுக்கணும். காலில் காயம் இருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், கம்பூட்டும் கையுறையும் இல்லாமல் வேண்டாம். டெட்டனஸ் தடுப்புக்கான டிடி ஊசி போட்டு எத்தனை வருடமாச்சு என்று எல்லோரையும் கேட்டுவிடுங்கள்.

ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதும் இப்போது பரவியிருக்கிறது, பிளாகிங் என்கிறார்கள், 2016 வாக்கில் சுவீடனில் ஆரம்பித்தது. குனிந்து எழுந்து குனிந்து எழுந்து தொடை வலி எடுத்துவிடும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போன மறுவாரம் அந்த ரோட்டோரம் செய்து பாருங்கள், தண்ணீர்ப் பாக்கெட் மட்டும் மூட்டை மூட்டையாக வரும். எங்களில் சிலர் நடந்து போகும்போதே முதுகில் சாக்குக் கட்டிக்கொண்டு போகிறோம். ஆனால் ஊசி, உடைந்த பாட்டில் இருக்கும் இடத்தில் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள். திருப்பூர் நஞ்சராயன் குளத்துப் பக்கம் போகிறவர்கள் சத்தமில்லாமல் செய்யுங்கள். 2024ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் வந்த இடம், பறவைகள் கூடு கட்டும் நேரத்தில் நம் கூட்டமே அதற்குத் தொந்தரவு.

காங்கேயம்_வாத்தியார் | வியாழன், இரவு 7:30

ஒரு சின்ன யோசனை. நடைக்குழுக்கள் ரத்ததானமும் செய்யலாம். ஆனால் விழா எடுத்து 30 பேரும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். தட்டணுக்களை 5 நாளும் சிவப்பணுக்களை ஆறு வாரமும்தான் வைத்திருக்க முடியும். டெங்குக் காலத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு ஆள் தேடி அலைகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே குழுவில் யார் எந்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து முறை போட்டுக் கொடுங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் 12.5க்கும் குறையக்கூடாது. கொடுத்த அன்று ஓட்டமும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம்.

பல்லடம்_தறி | ஞாயிறு, மாலை 4:15

பிசியோ ஐயா நேற்று வந்தார். ஓனர் முதலில் யோசித்தார், அப்புறம் அவரே துண்டு விரித்துப் படுத்துவிட்டார். 11 பேர் செய்தோம். ராத்திரி ஷிப்டில் நாலு மணிக்கு மேல் வழக்கமாக வருகிற தசை இழுப்பு எனக்கு வரவில்லை. ஒரு நாளை வைத்துச் சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு தடவை அவர் வீடியோ காலில் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

எங்களுக்கு நடை வேண்டாம் என்று சொன்னேனே, அது மாறவில்லை. ஆனால் எங்களிடம் வேறு இருக்கிறது. கயிற்றுக் கட்டில் பின்னத் தெரிந்தவர்கள் மூன்று பேர், எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவர் ஒருவர். துணி பீஸ் ஏற்றுகிற டெம்போ திரும்பும்போது காலியாகத்தான் வரும். இல்லத்துப் பணியாள் தம்பி, கட்டில், மின்விசிறி எதுவும் பழுதாக இருந்தால் சொல்லுங்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு லீவு, அன்றைக்கு வருகிறோம். தவறாமல் வருகிறோம்.

இல்லத்துப்_பணியாள் | ஞாயிறு, இரவு 9:10

அண்ணா, ஏழு கட்டில் தொங்கிப் போய்க் கிடக்கிறது. இரண்டு மின்விசிறி. இந்த வார்த்தைக்கே நன்றி.

சூலூர்_நடையன் | புதன், காலை 9:00

இன்றைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். அவிநாசி அம்மணி சொன்னபடி எங்கள் குழுவில் இருவரின் வீட்டம்மாக்களும் கூட வந்தார்கள். நாங்கள் மூன்று மாதமாகப் போகிறோம், "ஒன்னும் வேண்டாம் சாமி" என்பதுதான் ஆத்தா சொல்கிற பதில். இன்றைக்கு அவர்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்து அவர்கள் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியாமல் போன விஷயம். ஒன்று, நாங்கள் வருகிற ஆறு மணிதான் குழாயில் தண்ணீர் வருகிற நேரமாம். எங்களுக்குக் காப்பி போட உள்ளே போய்விட்டு, பிடிக்க வேண்டிய இரண்டு குடத்தை விட்டுவிடுகிறாராம். இனி 6:45க்குப் போகிறோம், காப்பி வேண்டாம் என்று சொல்லியாச்சு.

இரண்டாவது, தெருக்கோடியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. முட்டி பிடித்துக்கொண்டதிலிருந்து ஒன்றரை வருடமாக ஆத்தா அங்கே போகவில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயம். சிலிண்டரையும் அண்டாவையும் பார்த்தோமே தவிர, இதை நாங்கள் கேட்கவே இல்லை. லண்டன் தம்பி சொன்ன பயிற்சியாளர் கதையைச் சொன்னேன், "அப்ப நானுந்தான நடக்கோணும்" என்றார். பிசியோ ஐயாவிடம் போனில் கேட்டோம். முட்டியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை இருபக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் மட்டும், நடுவில் உட்கார இடம் வேண்டும் என்றார். இன்றைக்குக் கேட்டிலிருந்து இரண்டாவது கரண்ட் கம்பம் வரைக்கும் போய்த் திரும்பினோம். கோயிலுக்கு இன்னும் ஐந்து கம்பம் இருக்கிறது.

கம்பத்துக்குக் கம்பம் போட்டு வைக்க இரண்டு நாற்காலி தேவைப்படுகிறது, கை வைத்ததாக இருக்கணும். யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள்.

பல்லடம்_தறி | புதன், இரவு 11:40

நாற்காலி இருக்குங்க. சனிக்கிழமை டெம்போ சூலூர் வழியாகத்தான் வரும். தெருப் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், ஆத்தா வீட்டுத் திண்ணையிலேயே இறக்கி வைத்துவிடுகிறேன்.